ராசாத்தியின் இடது பக்கம்

இன்று காலை ராசாத்தி மறுபடியும் கேரட் கொண்டுவந்தாள். அவள் ஊர் இத்தலாரில் பிடுங்கியது, தழையோடு, மண் வாசம் போகாமல். உனக்கென்றுதான் எப்போதும் கொண்டுவருவாள். நீ போய் எட்டு மாதம் ஆகியும் பையை உன் நாற்காலி மேல்தான் வைக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவள் மேல் என்னடி பொறாமை என்று கேட்காதே. உன் மேல் படாமல் வேறு யார் மேல் படுவேன்?

குன்னூரில் இந்தப் பல் கிளினிக்கை இருவரும் சேர்ந்துதான் திறந்தோம். ஈறு அறுவையில் என் தையல்தான் நேர்த்தி என்று நீயே சொல்வாய். ஆனாலும் வருகிறவர்கள் எல்லாம், "அந்த டாக்டரம்மா இல்லீங்களா?" என்பார்கள். போதாததற்கு அந்த ஹயலூரானிக் ஜெல் வேறு. எலும்புத் துகளோடு நீ அதைக் குழைத்தால் பிசினாக ஒட்டிக்கொண்டு, எலும்பு கரைந்த பள்ளத்தில் வைத்தால் அப்படியே நிற்கும். புண்ணும் சீக்கிரம் ஆறும். "அது பாட்டுக்கு ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், நாம சும்மா இருந்தாப் போதும்" என்பாய். அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே எனக்கு எரியும்.

ராசாத்திக்கு இரண்டு பக்கமும் ஈறு இறங்கி, தாடை எலும்பு கரைந்திருந்தது. வலது பக்கத்தை நீ செய்தாய். இடது பக்கத்துக்கு அவள் வந்த அன்று நீ கோயம்புத்தூர் போயிருந்தாய். ஜெல் மேசையிலேயே இருந்தது. கை போகவில்லை. அது இல்லாமலும் முடியும் என்று உனக்குக் காட்ட, துகளைச் சலைன் உப்புநீரில் மட்டும் நனைத்து வைத்துத் தைத்தேன்.

ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேயில் உன் பக்கம் எலும்பு நிரம்பியிருந்தது. என் பக்கம் பாதிகூட இல்லை. ஜெல் ஒன்றே காரணம் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்ததை எடுக்காதது என் திமிர்.

"வலது பக்கம் கேரட்டே கடிக்கறேனுங்க. இந்தப் பக்கம் சோறு பட்டாலே வலிக்குதுங்க" என்றாள்.

"வெத்தலையை விட்டாத்தானே" என்று அவள் தலையிலேயே பழியைப் போட்டேன். நீ கேட்டுக்கொண்டு நின்றாய். அவள் போனதும், "இன்னொருக்கா திறந்து பார்க்கலாம். நீயே பண்ணு" என்றாய்.

"உன் வேலையைப் பாரு" என்றேன். அடுத்த வாரமே நெஞ்சுவலி வந்து போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்து என் இழுப்பறையைத் திறந்தால், பிரிக்காத ஜெல் ஊசி ஒன்று. மேலே ஒட்டிய சீட்டில் உன் கோழிக் கிறுக்கல்: "ராசாத்தி, இடது பக்கம். உனக்கு."

மறுவாரமே அவளை வரச் சொன்னேன். "வெத்தலை மேல தப்பில்ல ராசாத்தி. நான் செஞ்சதுதான் சரியாப் பிடிக்கல."

"அதுக்கென்னங்க, இப்ப நல்லாப் பண்ணி உடுங்க" என்று வாயைத் திறந்தாள். நீ வைத்துவிட்டுப் போன ஜெல்லைத்தான் குழைத்தேன்.

இன்று எக்ஸ்ரேயில் பள்ளம் நிரம்பியிருந்தது. ராசாத்தி பையிலிருந்து ஒரு கேரட்டை உருவி, இடது பக்கமாகவே நறுக்கென்று கடித்தாள். "அவங்க கை பட்ட மாதிரியே இருக்குதுங்க, டாக்டரம்மா!"

பாரேன், அப்போதும் உன் பேர்தான்! வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது. அந்தச் சீட்டை இழுப்பறை மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஈறையும் திறக்கும் முன் படிக்கிறேன், எரிகிறது, ஜெல்லை எடுக்கிறேன்.

கேரட் பையை மட்டும் உன் நாற்காலியிலிருந்து தூக்கிவிட்டேன். இது எனக்கு.