தோளில் மிச்சமிருக்கும் நான்கு விரல்கள்

கண்ணு,

உன் தம்பி காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டராகச் சேர்ந்துவிட்டான். பெரிய அத்தை மகள் நர்சிங் முடித்துத் திருவள்ளூரில் வேலைக்குப் போகிறாள். அவள் தங்கச்சி பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். எல்லாமே உன்னிடம் முதலில் சொல்ல வேண்டிய சேதிகள். நேற்று உன் தம்பி பரணிலிருந்து உன் கூடைப்பந்தை இறக்கிக் காற்றடித்தான். அந்த ரப்பர் வாசனை எழுந்ததும், ஷிப்ட் முடிந்து நீதான் வந்துவிட்டாய் என்று என் கால் வாசல்வரை போய்த் திரும்பியது.

கம்பெனி பஸ் மேல் லாரி மோதி நீ போய், வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம்.

உன் ஆட்டத்தை நான் பார்த்தது ஒரே தடவை, காக்களூர் மைதானத்தில். பந்து உன் கைக்கு வந்தால் கூடைக்குள்தான் போகும் என்று எனக்கே புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் "எம் பேத்தி, எம் பேத்தி" என்று சொல்லித் தொண்டை கட்டிப்போனது. ஆட்டம் முடிகிற நேரம். இன்னும் ஒரு கூடை விழுந்தால் கோப்பை உங்களுக்கு. மூன்று பேர் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நீ பந்தை ஓரத்தில் நின்ற உன் கம்பெனி டீம் ஸ்டெல்லாவிடம் கொடுத்தாய். அவள் எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

"போயும் போயும் அந்தக் குள்ளச்சி கையில குடுத்தியேம்மா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீயும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

வரும் வழியில் எனக்கு மனசு ஆறவில்லை. "நீயே போட்டிருக்கலாமேடி?"

"மூணு பேரு என் மேல வுயுந்துகினு இருந்தாங்க ஆயா. அவ சும்மா நின்னுகினு இருந்தா. அவளுக்குத்தான் குடுக்கணும்."

"அடுத்த தபா இன்னா பண்ணுவ?"

"அப்பவும் அவளுக்குத்தான்."

மறுநாளிலிருந்து தினமும் ஷிப்டுக்கு முன்னால் ஸ்டெல்லா எறிய, நீ கூடைக்குக் கீழே நின்று பந்து பொறுக்கிப் போட்டாய். "இன்னா ஸ்டாரு, பந்து பொறுக்க வந்துட்டியா?" என்று செக்யூரிட்டி கிண்டல் செய்ததை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். அடுத்த வருஷம் கோப்பை வந்தது. ஐந்து பேரும் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை உன் நினைவாக அந்தப் பெண்கள் ஒரு ஆட்டம் வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் மாட்ட உன் நைனா பிளக்ஸ் அடித்து வந்தான். அந்தப் படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தான். செத்தவர் பக்கத்தில் உயிரோடு இருப்பவர் படம் ஆகாது என்பது நம் வழக்கம். கடைக்காரன் சரியாக வெட்டவில்லை. உன் தோள்மேல் நான்கு விரல் மட்டும் மிச்சம் இருந்தது.

ஸ்டெல்லா வந்து பார்த்தாள். அந்த இடத்தைத் தடவினாள். "ஆயா, இது என் கை."

பிறகு உன் நைனாவிடம் திரும்பினாள். "அங்கிள், அக்கா தனியா ஒரு ஆட்டமும் ஆடல. அஞ்சு பேரும் நிக்கிற படத்த மாட்டுங்க. இத்த மாட்டுனா நாங்க யாரும் ஆட வரமாட்டோம்."

"வேணாம்மா. கல்யாணம் ஆவாத பொண்ணுங்க நீங்க. உங்கள்ல ஒருத்திக்கு இன்னா ஆனாலும் என்னால தாங்க முடியாது."

அவன் குரலில் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம். ஸ்டெல்லா அழுதுகொண்டே போனாள். அவன் பிளக்ஸைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு, அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

இப்போதெல்லாம் யாராவது ஒருத்தரைக் கெட்டிக்காரர் என்று ஊர் புகழ்ந்தால், அவரை நான் பார்ப்பதில்லை. அவர் பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். இது உன்னிடமிருந்து வந்த பழக்கம்.

உன் நைனாவிடம் என் பேச்சு எடுபடவில்லை. நீ சொன்னால் கேட்பான். அவன் கனவில் ஒரு தடவை வா கண்ணு. ஞாயிற்றுக்கிழமைக்குள், நீங்கள் ஐந்து பேரும் நிற்கிற படத்தைப் புதிதாக அடித்து மாட்டச் சொல்லு.