நாலு படுக்கை கேட்டிருந்தாய்

லெப்பாலா,
மே 19

அன்புள்ள மகள் கைசுவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், இடது முட்டியைத் தவிர. நீங்கள் மூவரும் நலமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடையைத் திறக்காமல் காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். மறைத்து எழுத எனக்கு வராது.

பதினேழு மாதமாகப் பேச்சில்லை. போன கோடையில் என் பிறந்த நாளுக்கு ஓர் அட்டை வந்தது. ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷம் உங்கள் பக்கம் வர முடியாது என்று இரண்டு வரி. அதற்குப் பிறகு இப்போது நாலு வரி. ஜூலையில் ஒரு வாரம் குய்க்கா ஏரிக்கரையில் தங்கப் போகிறீர்களாம். வாடகைக்கு மூன்று மர வீடுகள் பார்த்து வைத்திருக்கிறாயாம். நாலு படுக்கை வேண்டுமாம். நான் பக்கத்திலேயே இருப்பதால் நேரில் போய்ப் பார்த்து ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். முட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. படகு மோட்டார் வாங்க வரும் அந்நியன்கூட முதலில் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் விலையைக் கேட்பான்.

ஆனாலும் போனேன். மூன்று பேருக்கு எதற்கு நாலு படுக்கை என்று வழியெல்லாம் யோசித்தேன். மாப்பிள்ளை ரிஸ்தோவின் அம்மாவும் உங்களோடு வருகிறாள் என்று முடிவுகட்டினேன். அந்த அம்மாள் சாய்ந்து படுக்க நான் மெத்தையை அமுக்கிப் பார்க்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

முதல் வீடு முழுக்கக் கண்ணாடி. சொந்தக்காரன் ஹெல்சிங்கியிலிருந்து வந்த இளைஞன். கையில் போனை வைத்துக்கொண்டு, எதிரில் இருக்கும் வீட்டையே எனக்குப் படமாகக் காட்டினான். லாரியில் கொண்டுவந்து கொட்டிய மணல். நாற்பது அடியில் அடுத்த வீட்டுக்காரன் சாசேஜ் சுடுகிறான், அவன் தட்டில் கடுகு எவ்வளவு என்றுகூடத் தெரிகிறது. நீராவியில் குளிக்கச் சவுனா எங்கே என்றேன். விறகு இல்லை, புகைபோக்கி இல்லை, சுவரில் ஒரு சுவிட்ச். 'பத்தே நிமிஷத்துல சூடாயிடும் சார்' என்றான். 'அப்ப இது சவுனா இல்ல தம்பி, துணி காயவைக்கிற மெஷின்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது வீடு ஒரு தீவில். கிழக்குக் கரை. ராத்திரி பதினோரு மணிவரை வெயில் அடிக்கிற ஜூலையில், சாப்பாட்டு நேரத்திலேயே நிழலில் உட்கார்ந்து கொசுவுக்குச் சாப்பாடு போட வேண்டும். கழிப்பறை மேட்டுக்கு மேலே. படகின் அடியில் தண்ணீர் நின்றது. ஓட்டையா என்று கேட்டதற்குச் சொந்தக்காரன், 'ஓட்டையெல்லாம் இல்ல, கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான்' என்கிறான். வேர்க்கிற படகை முப்பத்தெட்டு வருஷ வியாபாரத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

மூன்றாவது ஹெல்வியுடையது. அவளை உனக்குத் தெரியும், இப்போது நன்றாகவே தெரியும். நான் கூரையைத் தட்டிப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து, சவுனா அடுப்பின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'ஏன் தைஸ்தோ, நீ வித்த மோட்டார் மூணு வருஷமா புகைய விடுது, நீ வந்து என் கல்லைக் குறை சொல்றியா?' என்றாள். எண்ணெயை ஒழுங்காகக் கலந்தால் புகையாது என்றேன். 'உன் பொண்ணு உன்னைவிட நல்லா பேரம் பேசுறா' என்றாள். எப்போது பேசினாள் என்று கேட்டேன். உடனே காபி போடப் போய்விட்டாள்.

சவுனாவுக்கு வெளியே உடை மாற்றும் அறையில் விருந்தினர் புத்தகம் இருந்தது. எடுத்துப் படித்தேன். எடுப்பேன் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்காரன் சொல்வதை நம்பாதே, தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதியதைப் படி, எலி இருந்தால் அதில்தான் இருக்கும் என்று உனக்குச் சொன்னவனே நான்தான்.

எலி இல்லை. உன் கையெழுத்து இருந்தது.

போன ஜூலை. பத்து நாள். என் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டரில் பத்து நாள் இருந்திருக்கிறாய், லீவு கிடைக்காதவளே! அதிலும் ஒரு வியாழக்கிழமை எழுதியதை எழுத்து மாறாமல் சொல்கிறேன்: 'தண்ணீர் பத்தொன்பது டிகிரி. வில்யா பதினொரு மீன் பிடித்தாள். மதியம் அலுமினியப் படகு ஒன்று நாலு மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் கையாட்டினோம். அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். யார் அது என்று வில்யா கேட்டாள். மோட்டார் விற்பவர் என்றேன்.' அதற்குக் கீழே பென்சிலில், கோணல்மாணலாக, குழந்தையின் எழுத்து: 'நல்லவர். தொப்பியைக் கழற்றினார்.'

கைசு, உள்ளதைச் சொல்கிறேன். வாடகை வீட்டுப் படகுத் துறையில் யார் நின்றாலும் நான் தொப்பியைக் கழற்றுவேன். நாளைக்கு வாங்க வரலாம் என்றுதான். விற்ற ஒவ்வொரு மோட்டாரின் நம்பரும் ஞாபகமிருக்கிறது எனக்கு. அந்தத் துறையில் நின்ற மூன்று பேரை நாலு நாளாக யோசிக்கிறேன், முகம் நினைவுக்கு வரவில்லை. சொந்த மகளுக்கு வாடிக்கையாளருக்கு ஆட்டுவது போலக் கையாட்டிவிட்டுப் போக விட்டாயே என்னை. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். மோட்டார் சத்தத்தை மீறி உனக்குக் கத்தத் தெரியும், என் மகள்தானே.

எனக்கு அதைவிட ஆத்திரம், நீ இதை என்னைக் கண்டுபிடிக்க வைத்த விதத்தில்தான். பதினாலு வயதில் கடையில் உன்னைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன்: விலை அதிகமானதை முதலில் காட்டு, மட்டமானதை இரண்டாவது காட்டு, விற்க நினைப்பதை மூன்றாவதாக வை, அவனே தேடி எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வான் என்று. என் சரக்கை எனக்கே விற்றுவிட்டாய். முகத்துக்கு நேரே திட்டியிருக்கலாம். திட்டு வாங்கிப் பழகியவன்தான் நான்.

எதற்குத் திட்டு என்பதும் தெரியும். அந்தக் கிறிஸ்துமஸில் ரிஸ்தோ, நீ வருவதற்கு முன் பிறந்த தன் மகள் வில்யாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, உன் சித்தப்பா 'பேத்தி வந்துட்டா போல' என்றான். நான், 'வேற கம்பெனி மோட்டாருக்கு நான் கேரண்டி குடுக்க முடியாதுப்பா' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து வயதுக் குழந்தை சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய், தானே பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றாள். இடமும் வலமும் மாற்றிப் போட்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஹாம் இறைச்சியை நறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் சாப்பிடாமல் போனீர்கள். அப்படிச் சொல்லவே இல்லை என்று இன்றுவரை யாரிடமும் நான் மறுத்ததில்லை. சொன்னேன்.

காபி குடிக்கும்போது ஹெல்வியிடம், அந்த நாலாவது படுக்கை யாருக்கு, ரிஸ்தோவின் அம்மாவுக்கா என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். 'அட மண்டு, கீழ்த்தளத்துல ஏணி ஏறாம ஒரு படுக்கை இருக்கான்னு கேட்டா உன் பொண்ணு. முட்டி வலிக்காரர் ஒருத்தர் வருவார்னு சொன்னா. ரிஸ்தோவோட அம்மா போன வாரம்தான் சைக்கிள்ல நூறு கிலோமீட்டர் போனாளாம்' என்றாள்.

என் வீட்டுக்குள் வரமாட்டாய். அதனால் ஊரான் வீட்டை வாடகைக்குப் பிடித்து என்னைக் கூப்பிடுகிறாய். அதையும் வாருங்கள் என்று எழுதாமல், படுக்கையை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறாய். இதற்கும் எனக்குக் கோபம்தான். ஹெல்வியின் வீட்டைச் சொல்லிவிட்டேன். ஜூலை முதல் சனிக்கிழமையிலிருந்து. விறகு நான் கொண்டுவருவேன், அவளுடையது ஈரம். படுக்கை விரிப்பு அவரவர் கொண்டுவர வேண்டும். அந்தக் கீழ்ப் படுக்கை ஜன்னலை ஒட்டி இருக்கிறது, படுத்துப் பார்த்தேன், துறை தெரிகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. ஹெல்வியின் கொட்டகையில் குழந்தைக்கான லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இருக்கிறது, அதன் கொக்கி உடைந்திருந்தது. போன வருஷம் அந்தப் பதினொரு மீனையும் இதைப் போட்டுக்கொண்டுதான் படகிலிருந்து பிடித்தாளா? ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு இவ்வளவு அறிவுதானா? இனி யாரும் போடக்கூடாது என்று அதைக் கத்தியால் கிழித்துப் போட்டுவிட்டேன். ஹெல்வி கத்தினாள், கத்தட்டும். கடையிலிருந்து புதிது எடுத்து வைத்திருக்கிறேன், மூன்று அளவில். வில்யா எத்தனை கிலோ என்று எழுது. லைஃப் ஜாக்கெட் வயதுக்கு இல்லை, எடைக்கு. சுமாராக இவ்வளவு என்று எழுதாதே, தராசில் நிறுத்திப் பார்த்து எழுது.

என் படகில் இருக்கும் ஜாக்கெட்டுகளின் காலரில் எல்லாம் கருப்பு மையில் ஹக்கரைனன் என்று நம் குடும்பப் பெயர் எழுதியிருக்கும், உனக்குத் தெரியும். தண்ணீரில் போனாலும் யாருடையது என்று பார்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சின்ன வயதில் உன்னுடையதிலும் எழுதியிருந்தேன். வில்யாவுடையதில் என்ன எழுத வேண்டும் என்று அவளிடமே கேள். நீயாகச் சொல்லாதே, அவளைக் கேள். அவளுக்கு வேண்டாமென்றால் காலரை அப்படியே விட்டுவிடுகிறேன். மைப் பேனா புதிதாக வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன்.

வரும் வழியில் மான் குறுக்கே வரும், ரிஸ்தோவை மெதுவாக ஓட்டச் சொல். மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் வந்து சேருங்கள்.

பதில் வரும்வரை இப்படியே கோபத்தோடு இருக்கும்
உன் அப்பா
தைஸ்தோ