மூன்றாவது சேனலில் கோவளம் கடல்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைந்தது. புதிய வீடியோ சர்வர் வந்து இறங்கியாயிற்று. பழையது என் கணவர் போன மறுமாதமே முனக ஆரம்பித்து, போன வாரம் ஒரேயடியாக நின்றது. இந்த டிவி ஸ்டேஷனில் எல்லாமே அவரைப் பின்பற்றித்தான் நடக்கும் போல.

பொருத்த வந்தவள் கௌதமி. சென்னைக் கம்பெனி அனுப்பிய பெண், பொத்தேரி இன்ஜினியரிங் காலேஜில் படித்தவளாம். வந்ததும் "ஹாய் ஆன்ட்டி." "மேடம்" என்று திருத்தினேன். முகம் சுளிக்கவில்லை. நல்ல வளர்ப்பு. ஆனால் கேபிள்களில் அவள் ஒட்டிய சீட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு கோணம். உரித்துப் போட்டு, நானே எழுதி நேராக ஒட்டினேன்.

பாஸ்கருக்குச் சிரிப்பு. விளம்பரம் பிடிப்பது முதல் ஏசித் தண்ணீர் கொட்டுவது வரை இங்கே எல்லாம் அவன்தான், அவர் காலத்திலிருந்து. "சிஸ்டருங்க ஸ்கூல்ல படிச்சவங்கம்மா. லேபிள்கூட அட்டென்ஷன்ல நிக்கணும்," என்று அந்தப் பெண்ணிடம் குசுகுசு. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

கௌ. சொன்னது, என் நினைவுக்காக: சர்வரின் முதுகில் நான்கு போர்ட். ஒவ்வொன்றையும் படம் உள்ளே வாங்கவோ வெளியே அனுப்பவோ வைக்கலாம். ஒரே போர்ட் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யாது. இப்போதைய ஏற்பாடு:

1 - வெளியே - சினிமா, பாட்டு
2 - வெளியே - கோயில், சர்ச், ஊர்ச் செய்தி
3 - வெளியே - கடல்
4 - உள்ளே - கோவளம் காமிரா

பா. உடனே ஆரம்பித்தான். "கடலுக்கு மட்டும் ரெண்டு போர்ட்டு மேடம். உள்ள வர ஒண்ணு, வெளிய போவ ஒண்ணு. யாரு பாக்கறாங்க அத்த? கோவளத்துக்காரன் கதவத் தொறந்தா கடலு. அவன் இன்னாத்துக்கு டிவில பாக்கப் போறான்?"

கடல் சேனல் அவருடைய பைத்தியம். கோவளத்தில் ஐஸ் கம்பெனி மாடியில் ஒரு காமிரா. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கரை, படகு, அலை. பேச்சில்லை, பாட்டில்லை, ஒரு விளம்பரமும் இல்லை. ஏன் என்று கேட்டால் "யாராவது பாப்பாங்க" என்பார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். முழங்கால் வலி.

கேபிள் கம்பெனியிலிருந்து போன். இரண்டாவது சினிமா சேனல் கொடுத்தால் உடனே எடுத்துக்கொள்கிறார்களாம். பா. இதற்காகத்தான் இத்தனை நாள் அலைந்தான். அதற்குப் போர்ட் 4 வெளியே அனுப்புவதாக மாற வேண்டும். அப்புறம் காமிரா உள்ளே வர வழியில்லை.

"கடல நிறுத்திடலாம் மேடம்."

அதுவும் முடியாது. சினிமாவுக்குத் தருவது புது இடம். கடல் சேனலைக் காலியாக விட்டால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். யோசனை என்னுடையதுதான். பதிவு செய்த கடலையே போர்ட் 3-இல் திரும்பத் திரும்ப ஓட விடுவது. கடல் கடல்தானே. எது இன்றையது, எது என்றையது, யாருக்குத் தெரியப் போகிறது?

"சிம்பிள் மேடம். ஒரு ஃபைல லூப்ல போட்டா போதும்," என்றாள் கௌ.

ஏதோ ஒரு ஃபைல் போதாது எனக்கு. பழைய பதிவுகளை நானே உட்கார்ந்து பார்த்தேன். லென்ஸில் உப்பு படிந்தது, நாய்ச் சண்டை, பிளாஸ்டிக் பை, எவனோ கரையில் உட்கார்ந்து குடிப்பது, எல்லாம் தள்ளுபடி. கடைசியில் ஒரு மணி நேரம் தேறியது. மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதக் காலை. சுத்தமான வெளிச்சம். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை ஏறுகின்றன. குறை சொல்ல எதுவும் இல்லை.

போர்ட் 2-இல் படத்தின் அகல உயரம் மாறிப் போய், பரிசோதனையில் கோயில் குருக்கள் பக்கவாட்டில் ஊதித் தெரிந்தார். பா.: "ஆடி மாசக் கூழு ஒத்துக்கிச்சு போல சாமிக்கு." கௌ. சரி செய்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நாளாயிற்று.

ஆகஸ்ட் 6, புதன்

மாலை தூறல். இருட்டும் நேரத்தில் இரண்டாவது சினிமா சேனல் ஆரம்பம். பா. லட்டு வாங்கி வந்தான். கடல் பற்றி ஒரு போன்கூட இல்லை. நான் சொன்னது சரி.

பிரஷர் மாத்திரை. கறிவேப்பிலை. பால் இனி அரை லிட்டர் போதும் என்று பால்காரனிடம் மறுபடி சொல்ல வேண்டும், தலையை ஆட்டிவிட்டு ஒரு லிட்டரே போடுகிறான். ஞாயிறு பூசைக்கு அவர் பெயரைக் கொடுக்க. போன முறை ஃபாதர் இனிஷியலை மாற்றி வாசித்தார். பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டும்.

கௌ.விடம் பழைய ஃபைல்களில் அவர் எங்காவது இருக்கிறாரா என்று தேடச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. இல்லை. எங்குமே இல்லை. இத்தனை வருடம் ஸ்டேஷன் நடத்திய மனிதர், எப்போதும் காமிராவுக்குப் பின்னால். எங்கள் வீட்டில் அவர் போட்டோவாக மட்டும் இருக்கிறார். போட்டோவில் அவருடைய இருமல் இல்லை, செருப்பைத் தேடுவது இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில்.

பா. சொன்னான்: "காலைல அஞ்சலையம்மா போன் பண்ணுச்சு மேடம். சிங்கப்பெருமாள் கோயில்லர்ந்து. காமிரா கொஞ்சம் திரும்பியிருந்தாக்கூட போன் பண்ணுமே, அதான். நம்ம கடல் சேனலுக்கு ஒரே நேயர்."

"என்ன கேட்டாள்?"

"இப்ப காட்றது லைவான்னு கேட்டுச்சு. மூச்சு வாங்குச்சு. லைவுதாம்மான்னு சொல்லிட்டேன்."

சரியாகச் சொன்னாய் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் தொழிற்சாலை அட்டை, வேலையிலிருந்து நேராக. அஞ்சலையின் மருமகள், பெயர் சுதா. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"லைவுன்னு சொன்னது யாரு?"

பாஸ்கர் எழுந்து நின்றான்.

"எங்க மாமனாரு கடலுக்குப் போயி திரும்பல. ரெண்டு வருசம் ஆவப் போவுது. மூணு பேரு போனாங்க, ரெண்டு பேரு நீந்தி வந்தாங்க. போட்டு கெடச்சுது, ஆளு கெடைக்கல. எங்க அத்தைய கோவளத்துல தனியா வுட முடியாம இங்க இட்டாந்தோம். அது இன்னும் பூவும் பொட்டுமா உக்காந்துகினு உங்க சேனலத்தான் பாத்துகினு கீது. நேத்து காலைல ஒரு கத்து கத்துச்சு. 'வந்துட்டாருடி, உங்க மாமன் வந்துட்டாருடி'ன்னு. பச்ச போட்டு. எறங்கி வர்றாரு. உங்களுக்குப் போன் போட்டா லைவுன்றீங்க."

கழுத்து அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரு டூட்டிய வுட்டுட்டு ஓடியாந்து, ஆட்டோ புடிச்சி கோவளம் இட்டுனு போனாரு. கரை பூரா ஓடிச்சு அத்த. பாக்கறவன்லாம் பாவமா பாக்கறான். அங்க யாரு கீறாங்க? திரும்பி வந்து டிவியப் போட்டா மறுபடியும் வர்றாரு. அதே போட்டு, அதே கூட. இன்னா வெளாட்டுங்க இது?"

"தவறு என்னுடையது," என்றேன். "பாஸ்கர் நான் சொன்னதைச் சொன்னான்." குரல் நடுங்காமல் சொன்னேன். அதில்கூட எனக்குள் ஒரு பெருமை. கர்த்தரே.

உடனே நிறுத்திவிடுகிறேன் என்று எழுந்ததும் அவள் பதறினாள். "வாணாம். திடீர்னு நிறுத்தினா அது இன்னா ஆவுமோ தெரியல. நீங்களே வந்து பேசுங்க."

கௌ. கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், கையில் எடுத்த டீ அப்படியே.

ஆகஸ்ட் 9, சனி

மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோயில். உடன் யாரும் வேண்டாம் என்றுவிட்டேன். ரயில் முழுக்க ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள், பாதித் தூக்கத்தில்.

இரண்டு அறை வீடு. அஞ்சலை என்னைவிட இளையவள். நெற்றி நிறையப் பொட்டு, தலையில் கனகாம்பரம். நான் என் சாம்பல் நிறப் புடவையில். டிவியில் நான் தேர்ந்தெடுத்த காலை ஓடிக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்க வாக்கியம் தயாரித்துப் போயிருந்தேன். அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். "பேசாத. இப்ப வருவாரு."

பச்சைப் படகு. கட்டைவிரல் அளவு மனிதர்கள். ஒருவர் குதித்து இறங்கி, கூடையை எடுத்து மணலில் வைத்து, இடுப்பை நிமிர்த்திக் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்.

"முகம் தெரியவில்லையே அம்மா," என்றேன்.

"மொகம் இன்னாத்துக்கு? தோளப் பாரு. எடது தோளு எறங்கி கீது பாரு. வல இயுத்து இயுத்து அப்டி ஆயிடுச்சு."

பிறகு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு திரையின் இடது மூலைக்கு நடந்து மறைந்தார்.

"தோ, போய்ட்டாரு. ஒவ்வொரு தபாவும் அந்த மூலைக்குத்தான் போறாரு. எனக்கு அதாம்மா தாங்கல." என் பக்கம் திரும்பினாள்: "இது என்னிக்கி எடுத்தது?"

சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "அப்ப சொகமா இருந்தாரு." பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். "உங்க வூட்டுக்காரரு?"

"போன செப்டம்பர். ஆஸ்பத்திரியில். பக்கத்தில் இருந்தேன்."

"கைல தண்ணி குடுத்தியா?"

"கொடுத்தேன். கல்லறையும் பக்கத்திலேயே. ஞாயிறு போய்வருவேன்."

"குடுத்து வெச்சவ நீ," என்றாள், என் கையைத் தட்டியபடி.

யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்: எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அவள் கணவர் நடக்கிறார். இடுப்பை நிமிர்த்துகிறார். என்னிடம் இருப்பது ஒரு பளிங்குக் கல்.

கிளம்பும்போது சொன்னாள்: "காமிராவே போட்டுடும்மா. பழைய கடலு வாணாம். வைக்கோல்ல ஆளு பண்ணி வெச்சி கருமாதி பண்ணலாம்னு புள்ள எவ்ளோ நாளா கேக்கறான். வைக்கோல எப்டி அவருன்னு சொல்றது, மாட்டேன்னுட்டேன். இப்பதான் பாத்துட்டேனே. பண்ணட்டும்."

"சரி."

"திங்கக்கெயம காலைல எல்லாம் உக்காந்து பாப்போம். ஒரு தபா. ஆனா அந்த மூலைக்குப் போவ வுடாத. கரைல நிக்கறாரு பாரு, அப்ப போன்ல சொல்றேன், மாத்திடு."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். பூசை. இனிஷியல் சரியாக வாசித்தார் ஃபாதர். கல்லறையில் மெழுகுவத்தி நிற்கவில்லை, காற்று.

கேபிள் கம்பெனிக்குப் போன் செய்து இரண்டாவது சினிமா சேனல் இல்லை என்று சொல்லியாயிற்று. கோபம். இருக்கட்டும். பா. வாதாடுவான் என்று பார்த்தேன். "போவட்டும் மேடம்," என்றான். "அந்தம்மா கேட்டப்ப கொஞ்சம் யோசிச்சிருக்கலாம் நானு." நீ யோசிக்க நான் இடம் வைக்கவில்லை என்றேன்.

வீட்டில் அவருடைய நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

விடியும்போதே மழை மாதிரி இருட்டு.

கௌ. சீக்கிரமே வந்து எல்லாம் தயார் செய்திருந்தாள். போர்ட் 4 வெளியிலிருந்து உள்ளேயாக மாற்றம். கோவளம் காமிரா ஏற்கெனவே வந்து காத்திருந்தது, எங்கள் அறையின் சின்னத் திரையில் மட்டும். ஊருக்குப் போகும் போர்ட் 3-இல் இன்னும் அந்தத் தை மாதக் காலை. நடுவில் ஒரு பட்டன்.

"நான் அழுத்தட்டுமா மேடம்?"

வேண்டாம் என்றேன். பிறகு அவளை அருகில் உட்காரச் சொன்னேன். "ஆன்ட்டின்னே கூப்பிடு" என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

போனில் சிங்கப்பெருமாள் கோயில். அந்தப் பக்கம் நிறைய பேர், யாரோ குழந்தையை அதட்டும் சத்தம். பச்சைப் படகு வந்ததும் அந்த வீடே அடங்கிவிட்டது. அவர் குதித்தார். கூடையை எடுத்தார். மணலில் வைத்தார். இடுப்பை நிமிர்த்தினார். அஞ்சலை சொல்வதற்காகக் காத்திருந்தேன். சொல்லவில்லை. அவர் கூடைக்குக் குனியப் போகிறார் என்று எனக்குத் தெரியும், இந்த ஒரு மணி நேரத்தை அத்தனை முறை பார்த்திருக்கிறேன். விரலைப் பட்டனில் வைத்தேன்.

"இப்ப," என்றாள்.

அழுத்தினேன். ஒரு நொடி கறுப்பு. பிறகு சாம்பல் கடல், ஈர மணல், இழுத்துப் போட்ட இரண்டு படகு. ஆள் இல்லை. போனில் சுதாவோ வேறு யாரோ சத்தமாக அழ ஆரம்பித்தார்கள். அஞ்சலையின் குரல் அதற்கு மேலே தெளிவாக வந்தது.

"மழையா பெய்யுது அங்க?"

"ஆமாம் அம்மா. தூறல்."

"இப்பவா?"

"இப்போதுதான். இந்த நிமிடம்."

"நெசமா?"

"நிஜம்."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சரி, பொட்ட எடுக்கச் சொல்றேன்," என்று போனை வைத்தாள்.