நகுல் அம்மா என்று கூப்பிட்டால்

தாராவி, மும்பை
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை மாரீஸ்வரிக்கு அக்கா கோகிலவாணி எழுதுவது.

நானும் உன் அத்தானும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உனக்கு மூச்சிரைப்பு எதுவும் இல்லையே? நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதே. உன் வீட்டுக்காரர் ஹரி தம்பி, உன் பெரியவள் பேராச்சி, சின்னவள் எல்லாரையும் கேட்டதாகச் சொல். நகுலிடம் மட்டும் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அவன் பக்கத்தில் இருப்பான், என் குரல் கேட்டால் போனைப் பிடுங்குவான். போன மாசம் நீ, "அக்கா, கொஞ்ச நாளைக்கு வீடியோல வராதக்கா. ஒன்னயப் பாத்துட்டா அன்னைக்குப் பூரா சோறு திங்க மாட்டேங்கான்" என்று சொன்னபோது, சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் நீ கேட்டது நியாயம்தான். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இங்கே நல்ல மழை. சந்துக்குள் தண்ணீர் ஏறியதால் கீழே பை தைக்கிற கார்கானாவில் வேலை நின்றுபோய், இன்றைக்குத்தான் மறுபடி மெஷின் ஓடுகிறது. உன் அத்தான் மழையிலும் டெம்போ எடுத்துக்கொண்டு போகிறார். வரும்போது நகுலுக்கு வாங்கிய பழக்கத்தில் பாவ் ரொட்டி வாங்கி வந்துவிடுகிறார். நாங்கள் ரெண்டு பேரும் பாவ் தின்கிற ஆட்களா? மறுநாள் பக்கத்து வீட்டு சைனப்பிடம் கொடுத்துவிடுவேன்.

நீங்கள் நகுலைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு சைனப் வந்து ரொம்ப நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாக இருந்தது. மற்றவர்கள் அப்படியா விடுவார்கள்? குழாயடியில் ஒருத்தி, "பெத்தவ வந்து கேட்டா குடுத்துத்தானே ஆகணும். இதுல அழறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். குடம் நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன் மாரி. பிரசவத்துக்குப் பிறகு உன் இதயம் வீங்கிவிட்டது, பிள்ளையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன ஒங்கூட பம்பாய்க்குக் கொண்டு போயிரு அக்கா. ஒம்பிள்ளையா வளத்துக்கோ. நான் பொழச்சு வந்தா அப்புறம் பாப்போம்" என்றாய். முதலில் சொன்னதை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் சொன்னதை அந்தக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன்.

எனக்கு எத்தனை தடவை நாள் தள்ளிப்போய், பிறகு ஒன்றுமில்லாமல் ஆனது என்று உனக்குத் தெரியும். அழுதுவிட்டு மறுநாள் எழுந்து உலை வைக்கப் பழகியிருந்தேன். நகுல் வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. அவன் பேசிய முதல் வார்த்தையே அம்மா. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனே சொன்னான். நான் திருத்தவும் இல்லை. உனக்குக் குணமாக வேண்டும் என்று பிள்ளையார் கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டது நிஜம். டாக்டர் இனிப் பயமில்லை என்று சொன்னதாக நீ போன் செய்தபோது சந்தோஷப்பட்டதும் நிஜம். குணமானால் அவனைக் கேட்டு வருவாய் என்பதை மட்டும் யோசிக்காமலே இருந்துவிட்டேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஹரி தம்பியைக் கோபித்துக்கொள்ளாதே.

ஆனி மாசக் கடைசியில் தம்பி எனக்குப் போன் செய்தார். "மயினி, பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்குது. தூக்கத்துல அம்மா அம்மான்னு ஒங்களத்தான் தேடுதான். இவ பக்கத்துல போனா அடிக்கான். ஒரு மாசம் வந்து கூட இருந்துட்டுப் போங்க" என்றார். உன் அத்தான் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அலைந்து டிக்கெட் எடுத்தார். தாதரில் நாகர்கோவில் வண்டியில் என்னை ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து, "பாத்துப் போ. போனதும் அவன்கிட்ட போனைக் குடு" என்றார்.

வண்டி கிளம்பியதும் எதிரே இருந்த அம்மாள் எங்கே போகிறாய் என்று விசாரித்தாள். "கோவில்பட்டிக்கு. பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போறேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை மாரி, வாயில் தானாக வந்தது. "லீவுக்கு ஊர்ல விட்டிருந்தியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்கப்புறம்தான் என் பையைப் பார்த்தேன். எனக்கென்று அதில் ரெண்டு சேலைதான் இருந்தன. ஒரு மாசம் தங்கப் போகிறவள் ரெண்டு சேலையா எடுத்து வைப்பாள்? மீதியெல்லாம் ரயிலில் திரும்பும்போது அவனுக்கு வேண்டியவை. ஸ்வெட்டர், பால் புட்டி, அவன் இடுப்பில் கட்டுகிற துணி. என் கைதான் அவற்றை எடுத்து வைத்திருக்கிறது. காய்ச்சல் என்று தம்பி சொன்ன நேரத்தில் என் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைக்கு உடம்பு சுட்டதில் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நான் வந்து நின்றால் அவன் பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான், அதைப் பார்த்து நீயே மனசு விட்டுப்போய், கூட்டிக்கொண்டு போ அக்கா என்று சொல்லிவிடுவாய் என்று நம்பித்தான் கிளம்பியிருக்கிறேன்.

கல்யாண் ஸ்டேஷன் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்த அம்மாள், "இது கல்யாண்மா, இங்க ஏன் எறங்குற?" என்று பின்னாலேயே கூப்பிட்டாள். வண்டி போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு லோக்கல் ரயில் பிடித்து சயானுக்கு வந்து, நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

உன் அத்தான் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். ஊருக்குப் போய்த் திரும்ப நேரமே இல்லை என்று அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ அவனக் கூட்டிட்டு வந்துருவேன்னுதான் நானும் டிக்கெட் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமான நாள் முதல் அவர் அழுது நான் பார்த்ததில்லை. மறுநாள் அவரே தம்பிக்குப் போன் செய்து டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

தான் கேட்டும் நாங்கள் வராமல் இருந்துவிட்டோம் என்று தம்பி மனசு நொந்திருப்பார். அவரிடம் இதைப் படித்துக் காட்டு.

இனி அவன் விஷயம். அவன் பானி என்று கேட்டால் தண்ணீர். கேளா என்றால் வாழைப்பழம். நீ என்னவென்று புரியாமல் முழிப்பதால்தான் பாதி அழுகை அழுவான். ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வான். ஸ்பூனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ வேறு பக்கம் பார். கீழே சிந்தும், சிந்தட்டும். பருப்புச் சோற்றில் துளி சர்க்கரை போடு. சைனப் பழக்கிவிட்டது அது. முக்கியமாக ஒன்று. அவன் பிறந்ததிலிருந்து மெஷின் சத்தத்துக்கு மேலேயே தூங்கியவன். உன் வீடு ரொம்ப அமைதி, அதுதான் முழித்து முழித்து அழுகிறான். தூங்கும்போது ரேடியோவைப் பாடவிடு. பேராச்சியைப் பக்கத்தில் படுக்கவை.

நான் மறுபடி கீழே கார்கானாவுக்குப் போகிறேன், பைக்கு ஜிப் வைக்கிற வேலை. முதல் நாள் ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்து, எல்லாவற்றையும் பிரித்தேன். இப்போது கை பழகிவிட்டது. மத்தியானம் மற்ற பொம்பளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், சில நாள் சிரிக்கவும் செய்கிறேன். சைனப் தன் பேத்தி பரீஹாவைச் சாயங்காலம் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். இப்போது வேண்டாம், பிறகு சொல்கிறேன் என்றேன். அவளும் சரி என்றாள். அவனுடைய மூணு சக்கர சைக்கிளை உன் அத்தான் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார். யாருக்காவது கொடுக்கலாம் என்றால் பேச்சை மாற்றுகிறார். அவருக்கு இன்னும் நாளாகும்.

மாரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராத்திரியில் அவன் அம்மா என்று அழுதால், அக்காவைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து நீ ஒதுங்கி நிற்காதே. அடித்தாலும் பரவாயில்லை, போய்த் தூக்கிக்கொள். கூப்பிட்டதும் யார் வருகிறார்களோ அவர்கள்தான் அம்மா என்று பிள்ளை பழகிக்கொள்வான். எனக்கும் அப்படித்தான் பழகினான்.

அடுத்த வருஷம் ஊரில் கோவில் கொடைத் திருவிழாவுக்கு நாங்கள் ரெண்டு பேரும் வருகிறோம். அதற்குள் அவனுக்கு என் முகம் மறந்திருக்கும். உன் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிவான். நீ பதறிப்போய் அவனை என் பக்கம் தள்ளிவிடாதே. ஒளிந்துகொள்ளட்டும். நானே பக்கத்தில் வந்து, உன் பேர் என்ன ராசா என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவன் உன் மடியில் நோய் நொடி இல்லாமல் வளரட்டும். நீ அவனுக்காக நீண்ட நாள் இரு.

உன் அக்கா,
நகுலின் பெரியம்மா,
கோகிலவாணி