என் கைக்கு எட்டிய கத்தி உறை

இன்று காலை சைதாப்பேட்டைப் பட்டறையில் பிளாஸ்டிக் குழாயைத் தீயில் காட்டி இளக்கியபோது எழுந்த வாடையில், நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். உன் கத்திக்குப் புது உறை செய்யப் போயிருந்தேன். பழையது வெயிலில் விண்டுவிட்டது. என் தங்கை புருஷனும் கூட வந்தார். இப்போது அவர்தான் என்னோடு கடலுக்கு வருகிறார். நீ போன பிறகு உன் மனைவி கத்தியை என்னிடம் கொடுத்து, "வூட்ல இருந்து இன்னா பண்ணப் போவுதுண்ணா, கடல்லயே இருக்கட்டும்" என்றாள்.

முதல் உறைக்கும் நாம் இங்கேதான் வந்தோம். ஊரூர்க் குப்பத்தில் நாம் இருவரும் சேர்ந்து படகு இறக்கிய புதிது. அதுவரை கத்தியைத் துணியில் சுற்றிப் படகு மூலையில் செருகியிருந்தாய். நான் ஒரு தோல் உறையை எடுத்துக் காட்டினேன். பித்தளைப் பொத்தான் வைத்து அம்சமாக இருந்தது. பட்டறைக்காரர் சிரித்தார்.

"உப்புத்தண்ணில தோல் ஊறிக்கும்பா. கத்தி உள்ளயே துருப்புடிச்சிரும்."

குழாயை இளக்கி, கத்திமேலேயே அழுத்தி, அதன் வடிவத்துக்கே உறை செய்யலாம் என்றார். தண்ணீர் வடிய அடியில் ஓர் ஓட்டை. "எந்தப் பக்கம் கட்டுவ?" என்று கேட்டார். நீ படகில் நிற்பதுபோல் என்னை எதிரே நிறுத்தினாய். உறையை இடுப்பில் இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தாய்.

"கை எட்டுதா பாரு மச்சி."

"கத்தி உன்னுது. எனக்கு எட்டி இன்னா ஆவப் போவுது?"

"கயிறு என் கால்ல மாட்டிக்கினா, நானா எடுப்பேன்? நீதான எடுக்கணும்."

பொத்தான் கூடாது, ஒரே இழுப்பில் வரவேண்டும், ஆனால் படகு ஆடினாலும் விழக்கூடாது. அதற்காக மூன்று முறை இளக்க வைத்தாய். எனக்குப் பசி, எரிச்சல்.

அந்த வருஷமே மழைக்காலத்துக்கு முன் ஒருநாள், வலை விடும்போது கயிற்றுச் சுருள் உன் கணுக்காலைக் கவ்வியது. நீ சரிந்து, இரண்டு கையாலும் படகு விளிம்பைப் பிடித்துத் தொங்கினாய். நான் யோசிக்கவே இல்லை. கை போனது, கத்தி வந்தது, கயிறு அறுந்தது. பாதி வலை கடலோடு போயிற்று. நீயோ காலைத் தேய்த்துக்கொண்டே, "வலை போனா போவுது, டீ குடிக்கலாம் வா" என்றாய்.

அதன்பின் நமக்குப் பதினெட்டு ஆண்டுகள் கிடைத்தன. இரண்டு பெண்களின் கல்யாணத்தையும் பார்த்தாய். கடைசியில் நோயில்தான் போனாய். ஆனால் உன் வீட்டில், எல்லோரும் சுற்றியிருக்க. அதில் எனக்கு நிறைவுதான்.

"இன்னா மச்சான், கடலப் பாக்காம என் காலயே பாத்துக்கினு கீற?" என்று தங்கை புருஷன் கிண்டல் செய்வார். சிரித்து மழுப்புகிறேன். வலை முழுதும் இறங்கி, அவருடைய இரண்டு பாதமும் பலகைமேல் தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.