கையெழுத்து போட்டால் டிக்கெட்

வெள்ளி, இரவு.

யாரும் நம்பப்போகாத கதையைச் சத்தியமாக எழுதுகிறேன். அக்கா மகள் நித்யா வேலை பார்க்கும் விமானக் கம்பெனி ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்கு நான்தான் தலைவன். நான் போட்ட ஒரு தும்மலில் மீனம்பாக்கத்தில் நாற்பது விமானங்கள் நின்றன. பதிலுக்கு நிர்வாகம் ஊழியர் குடும்பத்துக்கான இலவச டிக்கெட்டை நிறுத்திவிட்டது. அந்த டிக்கெட்டில் காலி சீட் இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஆனாலும் டெல்லி ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்காவைப் பார்க்க அதைத்தான் நம்பியிருந்தோம். ஊழியர் குடும்பம் செருப்போடு வந்தால் ஏற்றமாட்டார்கள் என்று குரோம்பேட்டையில் ஷூகூட வாங்கினேன்.

"வேலைக்கு வரேன்னு கையெழுத்து போட்டா டிக்கெட் தருவாங்களாம். போடவா மாமா?"

"எதுக்கும்மா? பல்லாவரம் மலையிலேர்ந்து ஒரே தாவு, டெல்லியில எறக்கிடுறேன்."

"வெளையாடாதீங்க. அம்மாவா, ஸ்ட்ரைக்ல கூட நிக்கிறவங்களா? சொல்லுங்க."

நான் சொன்ன பதிலில் நிர்வாகமே நடுங்கியது. ஊழியர்கள் என்னைத் தோளில் தூக்கிப் பெருங்களத்தூர்வரை ஊர்வலம் போனார்கள்.

அவள் கேட்டது மட்டும் நிஜம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.