இரண்டு தட்டு

அண்ணே,

பின்கட்டிலிருந்து பெட்ரோல் வாடை வருகிறது. அடுப்பில் பருப்பு வேகிறது, தாளிப்புக்கு வெங்காயம் நறுக்கி வைத்திருக்கிறேன். அந்த வாசனைகளையெல்லாம் தள்ளிக்கொண்டு அது உள்ளே வந்துவிட்டது. குழந்தை தும்முகிறாள். கதவைச் சாத்தினேன். கதவுக்கு அடியிலும் வருகிறது. உனக்குப் பிடித்த வாடை. "இது மூக்குல ஏறினாத்தான் எனக்கு மூளையே ஓடும்" என்பாய். நீ போன பிறகு இந்த வீட்டில் அது இல்லாமல் இருந்தது. இவருடைய லாரிகளில் டீசல்தான், அது வேறு மாதிரி. ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பந்தயக் காரை இன்றைக்கு இவர் வெளியே தள்ளி நிறுத்தியிருக்கிறார். சீட்டி அடித்துக்கொண்டே துடைக்கிறார்.

இவர் சீட்டி அடித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? கேட்டால் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. இதை யாரிடம் சொல்ல? அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்ததும் நம் கூடம் நிறைந்துவிடுமே, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ பாலக்கரைப் பட்டறையைப் பூட்டிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு சைக்கிளில் வருவாய். கை கழுவியிருப்பாய், ஆனால் நகக்கண்ணில் கிரீஸ் மசி இருக்கும். அரிசி மண்டி பழனியப்பன் வருவார். பெரிய கடைத்தெருவில் ரேடியோக் கடை வைத்திருக்கும் காதர் பாய் வருவார். வக்கீல் தணிகாசலம் கடைசியாக வந்து, முதலில் பேச ஆரம்பிப்பார். மதராஸுக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயத்துக்கு வேன் பிடித்துப் போய்வருவது உங்களுக்குத் திருவிழா மாதிரி. பாதி வருஷம் போன பந்தயத்தைப் பேசுவீர்கள். மீதி வருஷம் வரப்போகிற பந்தயத்தை.

அந்தத் தடவை பேச்சு ஒரு வெளியூர் ஓட்டுநரைப் பற்றி. ஓட்டத்துக்கு நடுவே பெட்ரோல் போட 'பிட்'டில் ஒதுங்கியவர், ஆள் விலகும் முன்பே காரை எடுத்துவிட்டார். சக்கரத்தடியில் குனிந்திருந்த மெக்கானிக்கின் கால் நசுங்கிப் போயிற்று. அவர் நிற்கவில்லை. கோப்பையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"கோப்பையா? விலங்கு மாட்டியிருக்கணும்யா அந்த ஆளுக்கு!" என்று வக்கீல் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். பேச்சில் ஒரு குத்து விழுந்தால் பக்கத்தில் இருப்பதைத் தட்டுவது அவர் வழக்கம். மேஜையோ தூணோ பக்கத்து ஆளின் முதுகோ, எது கிடைக்கிறதோ அது.

"வக்கீலுக்கு என்ன, கோர்ட்டுல வாய்தா வாங்கியே பழக்கம்," என்றார் பழனியப்பன். "பந்தயத்துல வாய்தா கேட்டா கொடுப்பாங்களா? திரும்பிப் பாக்கற நேரத்துல நாலு கார் முந்திடும்."

"அப்ப அந்தக் காலு? திரும்ப முளைக்குமா மண்டிக்காரரே?" என்றார் காதர் பாய்.

"குனியறவன் கொஞ்சம் பாத்துக் குனியணும் பாய்."

"இதை உங்க மண்டியில மூட்டை தூக்கறவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. மூட்டை உங்க தலையில விழும்."

இவர் குறுக்கே புகுந்தார். "ஓட்டறவன் வேலை முன்னாடி பாக்கறது. பின்னாடி என்ன நடக்குதுன்னு பின்னாடி இருக்கறவன்தான் சொல்லணும்," என்றார். அந்த வருஷம்தான் தானே பந்தயத்தில் ஓட்டுவது என்று முடிவு செய்து, பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் கூரையை உன் பட்டறையில் அறுத்து எடுத்திருந்தார்.

"மாப்பிள்ள சொல்றது நியாயம்," என்று நீ முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாய். "சொல்றதுக்கு ஒரு முறை வேணும். அதான் அங்க இல்ல. மெயின்கார்டு கேட்ல நம்ம பஸ்ஸைப் பாருங்க. அத்தனை கூட்டத்துல டிரைவர் திரும்பிப் பாக்கறாரா? கண்டக்டர் தகரத்துல ஒரு தட்டு தட்டினா நிக்குது. ரெண்டு தட்டினா ரைட்டு, போகுது. நமக்கும் அதேதான். நான் பெட்ரோல் ஊத்தி, மூடியை மூடி, எழுந்து விலகி, ரெண்டு தட்டு தட்டறேன். மாப்பிள்ள எடுக்கட்டும்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. மதராஸ்காரர்களுக்குத் தோன்றாதது நமக்குத் தோன்றிவிட்டது என்று பழனியப்பனுக்கு ஒரே பூரிப்பு. காபி கொண்டுவந்த நான், "இன்ஜின் போடற சத்தத்துல தட்டு கேக்குமா அண்ணே?" என்றேன்.

"பௌதிகம் படிச்ச பொண்ணு கேக்குது பாருங்க," என்று சிரித்தாய். "காதுல கேக்க வேணாம் பாப்பா. தகரத்துல தட்டினா சீட்டு வழியா முதுகுக்கு வந்துடும்."

நீ சொன்னது சரி. பௌதிகமும் அதைத்தான் சொல்லும். இருந்தாலும் அன்றைக்கு எனக்கு மனசு ஒப்பவில்லை. முகத்தைப் பார்க்காமல் ஒருவர் உயிரை இன்னொருவர் கையில் கொடுப்பது என்னவோ போலிருந்தது. சொன்னால் கேலி செய்வீர்கள் என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கொள்ளிடக்கரையில் ஒத்திகை பார்த்தீர்கள். கேனில் பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர். நீ காரின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து ஊற்றுவாய்; எழுந்து, ஒரு எட்டு பின்னால் வைத்து, உள்ளங்கையால் தகரத்தில் தட்டுவாய். கார் மணலை வாரி இறைத்துக்கொண்டு பாயும். இவர் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. அதுதான் அவருக்குப் பெருமை. "மச்சான் இருக்கறப்ப எனக்கு முதுகுல கண்ணு" என்பார். நான் கைக்குழந்தையோடு மரத்தடியில் நிற்பேன். நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே நீ வந்து குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவாய். அவள் அழுவாள். நீ பயந்துபோய் என்னிடமே தள்ளிவிடுவாய்.

பந்தயத்துக்கு நான் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். அங்கே நடந்தது எல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. இவர் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாராம். அப்படி ஓடுவார் என்று நீங்களே நினைக்கவில்லை. கார் பிட்டுக்கு வந்ததும் நம் கூடத்து மூன்று பேரும் தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்களாம். தடுக்க ஆள் இல்லை. கூச்சல், விசில், "விடாதே செல்வம், விடாதே!" நீ இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாய். கார் பாய்ந்துவிட்டது. கேனிலிருந்த பெட்ரோல் சூடேறிய புகைக் குழாயின் மேலும் உன் மேலும் கொட்டியது.

மீதியை எழுத மாட்டேன்.

மதராஸ் ஆஸ்பத்திரியில் உன் முகம் மட்டும் அப்படியே இருந்தது. கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துணி, அதைத் தொடாமல் ஒரு கம்பிக் கூண்டு. இவர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். நீ என்னைக் கிட்டே வரச் சொன்னாய்.

"மாப்பிள்ள மேல தப்பு இல்ல பாப்பா. ரெண்டு தட்டு விழுந்துச்சு. எனக்கே கேட்டுச்சு. நான் தட்டல. என் கை ரெண்டும் கேன்ல இருந்துச்சு."

"அப்ப யாரு அண்ணே தட்டினது?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சந்தோஷத்துல தட்டிட்டாங்க. போகட்டும்," என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். நான் மறுபடியும் கேட்டேன். நீ திறக்கவில்லை.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். துக்கம் விசாரிப்பது போலத் தொடங்கி, பேச்சு பழைய இடத்துக்கே போய்ச் சேரும். பிட்டில் பாதுகாப்பு எப்படி இருக்க வேண்டும், ஓட்டுகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும். இந்தத் தடவை அடிபட்டவன் யாரோ இல்லை, நீ. நான் கூடத்துக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். உள்ளே போனால் மெல்லத் தொடரும்.

"முதுகுல பட்டுச்சுங்க. சத்தியமா பட்டுச்சு," என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அவன் கையில கேன் இருந்துச்சு செல்வம். தட்டறதுக்கு மூணாவது கையா இருக்கு?" என்பார் வக்கீல். மற்ற இருவரும் தரையைப் பார்ப்பார்கள்.

நீ சொன்னதை நான் சொல்லவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். இவர் லாரி ஓட்டுவதைக்கூட விட்டுவிட்டார். துறையூருக்கு லோடு போனாலும் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து போவார். வாசலில் யாராவது கதவைத் தட்டினால் தூக்கிவாரிப் போடும். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார், அண்ணே. குழந்தையை மடியில் வைத்துச் சோறு ஊட்டுவார். 'உங்க மேல தப்பு இல்ல' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே அந்தத் தார்ப்பாயை இழுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் மனசு பாரமாக இருக்கிறவரை என் குழந்தைக்கு அப்பா இருப்பார் என்று கணக்குப் போட்டேன். உன்னை இழந்தவள் வேறு எப்படி யோசிப்பேன்?

காபி கொடுக்கும்போதெல்லாம் அவர்கள் கைகளைப் பார்ப்பேன். பழனியப்பன் பழையபடி விரலை மடக்கி மடக்கிப் பேசுவார். காதர் பாய் கை எப்போதும் போல் தாடியில் இருக்கும். வக்கீல் இப்போதெல்லாம் மேஜையைத் தட்டுவதில்லை. குரல் முன்னைவிட உயர்ந்திருக்கிறது. கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். காபியை நீட்டினால் ஒரு கையைத்தான் வெளியே எடுப்பார். டம்ளரைக் கீழே வைத்ததும் அது திரும்ப உள்ளே போய்விடும்.

நேற்று அவர் சொன்னார்: "தப்பு பண்ணினவன் ஒத்துக்கிட்டா மனுஷன். விழாத தட்டை விழுந்துச்சுன்னு சாதிக்கறவனை என்னன்னு சொல்றது?"

இவர் வாதாடவில்லை. "விழல போலிருக்கு," என்றார். "நான்தான் கொன்னுட்டேன் மச்சானை."

மடியிலிருந்த குழந்தை அவர் மோவாயைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே, "கொன்னுத்தேன், கொன்னுத்தேன்" என்றாள். புதிதாகக் கற்ற எந்த வார்த்தையையும் அப்படித்தான் சொல்வாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, ஆஸ்பத்திரியில் நீ சொன்னதைச் சொன்னேன். ரெண்டு தட்டு விழுந்தது, உனக்கும் கேட்டது, தட்டினது நீ இல்லை. 'சந்தோஷத்துல' என்றதை மட்டும் விட்டுவிட்டேன்.

காதர் பாய், "யா அல்லா, அப்ப தட்டினது யாரு தங்கச்சி?" என்றார். பழனியப்பன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா இருக்குமோ? கூச்சல் போட்டது ஞாபகம் இருக்கு. காரைத் தொட்டேனா?" என்று, பாவம், அவர் கண் கலங்கிவிட்டது. வக்கீல் யார் என்று கேட்கவில்லை.

"வேற ஏதாவது சொன்னாராம்மா?" என்றார்.

"சொல்லல," என்றேன்.

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

இவர் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். தூணில் தலையை முட்டிக்கொண்டு, உனக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். அழுது முடித்த முகம் கல்யாணத்தன்று பார்த்த முகம். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதே கூடத்தில், அதே நாற்காலிகளில், அடுத்த பந்தயத்தைப் பேச ஆரம்பித்தார்கள். இனிமேல் தட்டு வேண்டாம், கொடி. கயிற்றுக்குள் ஒரே ஒரு ஆள்தான். இன்ஜினை அணைத்த பிறகுதான் பெட்ரோல். நல்ல முறைகள்தான், அண்ணே, ஒன்றும் குறை சொல்ல முடியாது.

"பெட்ரோல் யாரு ஊத்தறது?" என்றார் இவர்.

"நான் ஊத்தறேன்," என்றார் வக்கீல்.

இவர் அவரைக் கட்டிக்கொண்டார். "இவ்வளவு நாள் என்னைத் திட்டினது மச்சான் மேல இருந்த பாசத்துலதான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். வக்கீலின் கைகள் இவர் முதுகுக்குப் பின்னால் அந்தரத்தில் நின்றன. இவரைத் தொடவில்லை.

எனக்கு நிச்சயம் இல்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வது ஒரு சாட்சியா? அவரே கோர்ட்டில் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஆனால் இவரும் கண்ணில்லாதவர் இல்லை. பாரம் இறங்கிய மனுஷர் இனிமேல் சுற்றிலும் பார்ப்பார். ஒரு நாள் அந்தக் கைகளைக் கவனிப்பார். அது இங்கே காபி குடிக்கும்போது நடந்தால், ஒரு டம்ளர் உருளும், ஒரு சிநேகிதம் அறும். அங்கே நடந்தால்? இவர் கால் பெடலில் இருக்கும்போது, அந்த மனுஷர் பின்னால் கேனோடு குனிந்திருக்கும்போது நடந்தால்?

சற்று முன் இவர் வாசற்படியில் வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். "இந்தத் தடவை நீயும் வர்றியா?" என்றார்.

"வரேன்," என்றேன். ஆச்சரியப்பட்டார். சந்தோஷப்பட்டார்.

நீ 'போகட்டும்' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். நீ சொல்லாமல் விட்டுப்போன பெயரைச் சுமந்துகொண்டு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் போய் நிற்கப் போகிறேன், கொடி யார் கையில் இருந்தாலும். ஒன்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, அண்ணே. அன்றைக்குக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?